மனோன்மணீயத்துப் புல்லும் புழுவும்

காயலும் கடலும் சூழ்ந்த ஆலப்புழையில், 1855-ஆம் ஆண்டு, பெருமாள் பிள்ளைக்கும் மாடத்தி அம்மைக்கும் மகனாகத் தோன்றியவர் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. நெல்லையில் சின்னாள் பள்ளித் தலைமை பூண்டு, பின்னர்த் திருவனந்தபுரத்தில் தாம் பயின்ற கல்லூரியிலேயே தத்துவப் பேராசிரியராய் அமர்ந்தார். தம் ஆசிரியர் ஹார்வியிடம் அவர் வைத்த அன்பு பெரிது. பேரூர்க்கடையில் தாம் உறைந்த இடத்திற்கு ஹார்விபுரம் என்றே பெயரிட்டார். பெற்ற பட்டங்களையும் வகித்த பதவிகளையும் விரிப்பின் இவ்வேடு இடங்கொடாது.

1891-இல் மனோன்மணீயம் வெளிவந்தது. கதையின் வித்து ஆங்கிலப் புலவர் லிட்டனுடையது. ஆயினும் அதனைச் சுந்தரனார் ஊன்றிய மண் தென்பாண்டி மண். பாண்டியன் சீவகனுக்கும் சேரன் புருடோத்தமனுக்கும் பகை மூண்டது நாஞ்சில் நாட்டு வயல்களின் பொருட்டே. ஆகவே இந்நாடகத்தில் நிலம் திரைச்சீலையில் தீட்டிய ஓவியமன்று. அது போரின் பொருளே ஆகின்றது.

ஊர்ப்புறத்தே தனித்து நிற்கும் நடராசனைக் காண்க. சிறு புல்லொன்று பூத்து, ஈக்களைத் தேனால் அழைத்துக் காய்த்து, அக்காய் தன் ஆடையிற் கொளுவுவதை வியக்கின்றான். மலைமண்ணைக் கடலுக்குச் சுமக்கும் வாய்க்காலோடு உரையாடுகின்றான். பின்னர், மண்ணை மென்மையாக்கியும் புகழ் வேண்டாது ஒளியும் நாங்கூழ்ப் புழுவைப் போற்றுகின்றான். மேனாட்டறிஞர் டார்வின் மண்புழுவைப் பற்றி நூல் வெளியிட்டது 1881-இல். பத்தாண்டு கழித்து அப்புழு தமிழ் நாடகத்துள் புகுந்தது!

இத்தனிமொழி கதையோட்டத்தைத் தடுக்கின்றதென்பர் சிலர். நடிக்கப் புகுவோர் முதற்கண் வெட்ட நினைப்பதும் இதனையே. படித்தற்கென இயன்ற நாடகம் இஃதென்பதை யாமும் மறுக்கிலோம். அரங்கில் நீண்ட பேச்சுச் சலிப்பூட்டும் என்பதும் மெய்யே. ஆனால் நடராசன் யாவன்? சுந்தர முனிவரின் ஏவலால், கோட்டைக்குள் எவரும் அறியாது சுருங்கை தோண்டுவோன். நிலத்தடியில் உழைப்பவன் நிலத்தடியில் உழைக்கும் உயிரைக் கண்டு நெகிழ்கின்றான். இதனை வெட்டின், இறுதியில் மனோன்மணியைக் காக்கும் அச்சுருங்கை வெறும் கதைத் தந்திரமாய்ச் சுருங்கிவிடும். பேச்சைக் குறைக்கலாம், புழுவை நீக்குதல் தகாது என்பதே எம் துணிபு.

சுந்தரனார் ஏட்டறிவோடு நின்றாரல்லர். திருவிதாங்கூர்க் கல்வெட்டுக்களைத் தேடி ஆராய்ந்து வேணாட்டு அரசர் வரலாற்றை எழுதினார். 1897-இல், நாற்பத்திரண்டாம் அகவையில், இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தில் ஒரு பகுதியை 1970-இல் தமிழக அரசு வாழ்த்துப் பாடலாக ஏற்றது. கடலை ஆடையாகவும் பாரதத்தை முகமாகவும் கொண்ட நிலமகளின் தோற்றமே அதன் தொடக்கம்.