யார் இந்த டேவ் டிரேக்? ஜாடியில் பெயர் எழுதிய அடிமைக் குயவர்!

அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாகாணம், எட்ஜ்ஃபீல்டில் அடிமையாக வாழ்ந்தவர் டேவ். பிறந்தது சுமார் 1801-ல். இறைச்சி, கொழுப்பு போட்டு வைக்கிற பெரிய பெரிய ஜாடிகள் செய்வதுதான் வேலை.

அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவதே குற்றம் என 1834-ல் அங்கே சட்டம் வந்தது. ஆனா டேவ் என்ன செய்தார் தெரியுமா? ஈரக் களிமண்ணில் தன் பெயர், தேதி, குட்டிக் கவிதைகள் எனக் கீறி வைத்தார்! 1857-ல் செய்த ஜாடி ஒன்றில், பிரிந்துபோன சொந்தங்களை நினைத்து ஏங்கியிருக்கிறார்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான் விடுதலை. டிரேக் என்ற குடும்பப் பெயரும் அப்போது சேர்ந்ததுதான்.

அங்கே உழைத்த மற்ற அடிமைக் குயவர்கள் பலரின் பெயர்கூட இன்று தெரியாது. டேவின் ஜாடிகளோ நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வரை போயிருக்கின்றன. காரணம், அவர் துணிந்து போட்ட கையெழுத்து!