விரல் வச்சா பெயர் வருதே... 130 வருஷத்துக்கு முன்பே அதற்குக் கணக்கு போட்ட அசிசுல் ஹக் யார்?

மணவாளக்குறிச்சி ரேஷன் கடையில் அரிசி வாங்கப் போனால், ஸ்மார்ட் கார்டு மட்டும் போதாது. மெஷினில் விரலையும் வைக்கணும். எங்கோ தூரத்தில் இருக்கும் டேட்டாபேஸ் உங்கள் ரேகையைச் சரிபார்த்து, ஆமாம், இவர்தான் அவர் என்று சில நொடிகளில் பதில் சொல்லிவிடும்.

லட்சக்கணக்கான ரேகைகளை வரிசைப்படுத்தித் தேட முடியும் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் வங்காளத்துக்காரர். அவர்தான் காஜி அசிசுல் ஹக்.

வீட்டை விட்டு வந்த சிறுவன்

1872-ல், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் குல்னா பகுதியின் பைகிராம் கஸ்பா கிராமத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே வீட்டை விட்டு கல்கத்தா வந்தவர் என்றும், அவருடைய கணக்குத் திறமையைப் பார்த்த ஒரு குடும்பம் படிக்க வைத்தது என்றும் சொல்கிறார்கள். பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தார்.

அப்போது வங்காள போலீஸ் தலைவராக இருந்தவர் எட்வர்ட் ஹென்றி. கணக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். 1892-ல் ஹக் சப்-இன்ஸ்பெக்டராக வேலைக்குச் சேர்ந்தார். வயது 20.

அவருக்குக் கொடுத்த வேலை என்ன?

குற்றவாளிகளின் தலை, கை, பாதம் எல்லாவற்றையும் அளந்து பதிவு செய்வது. இது பிரான்ஸில் இருந்து வந்த பெர்ட்டியோன் முறை. இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஒரே ஆளை இரண்டு போலீஸ்காரர்கள் அளந்தால் இரண்டு விதமான அளவு வரும்.

கைரேகையில் அந்தப் பிரச்சினை இல்லை. 1858-லேயே வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி வங்காளத்தில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதில் கை ரேகை வாங்கியிருந்தார். ஆனால் ஆயிரக்கணக்கான ரேகை அட்டைகள் சேர்ந்துவிட்டால், அதில் ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? அதற்குத்தான் வழி இல்லாமல் இருந்தது.

1,024 பெட்டிகளின் ரகசியம்

ஹக் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. பத்து விரல்களை ஐந்து ஜோடியாகப் பிரிக்கணும். முதல் ஜோடியின் விரலில் சுழி இருந்தால் 16 மதிப்பெண். அடுத்தடுத்த ஜோடிகளுக்கு 8, 4, 2, 1. சுழி இல்லாத விரலுக்கு 0. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு விரலின் மதிப்பெண் மேலேயும், இன்னொரு விரலின் மதிப்பெண் கீழேயும் போகும். கடைசியில் இரண்டு கூட்டுத்தொகையோடும் 1 சேர்த்தால், 1/1-ல் இருந்து 32/32 வரை ஒரு எண் கிடைக்கும்.

32 பெருக்கல் 32. மொத்தம் 1,024 பெட்டிகள். ஒருவரின் ரேகை வந்தால் எந்தப் பெட்டியைத் திறக்கணும் என்று உடனே தெரிந்துவிடும். இன்று டேட்டாபேஸில் இண்டெக்ஸ் என்று சொல்கிறோமே, அதே வேலையை மர அலமாரியில் செய்து காட்டினார் ஹக்.

அவரோடு வேலை பார்த்த ஹேம் சந்திர போஸ் இன்னொரு படி மேலே போனார். ரேகையின் விவரத்தைத் தந்தியில் அனுப்ப ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார். தூரத்தில் இருந்தே ஆளைச் சரிபார்க்கும் வழி அது.

1897-ல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பிரிவு தொடங்கியது. 1898-ல் ஜல்பைகுரி தேயிலைத் தோட்ட மேலாளர் கொலை வழக்கில், பஞ்சாங்கத்தில் இருந்த ரத்த ரேகையை வைத்து முன்னாள் வேலைக்காரர் அடையாளம் காணப்பட்டார். திருட்டுக் குற்றத்துக்குத் தண்டனையும் கிடைத்தது.

பெயர் யாருக்குப் போனது?

1901-ல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் இதே முறை வந்தது. உலகம் அதற்கு வைத்த பெயர் ஹென்றி முறை. ஹக்கின் பெயர் அதில் இல்லை. பல வருஷம் கழித்துத்தான் கான் பகதூர் பட்டமும் 5,000 ரூபாய் சன்மானமும் கிடைத்தன. ஹக்கின் பங்களிப்பை 1920-களில் ஹென்றியே ஒப்புக்கொண்டார். பீகார் போலீஸில் ஓய்வு பெற்ற ஹக், 1935-ல் மோதிஹாரியில் காலமானார். பிற்காலத்தில் பிரிட்டனின் கைரேகை நிபுணர்கள் சங்கம் ஹக், போஸ் இருவர் பெயரிலும் ஒரு பரிசை ஏற்படுத்தியது.

இன்றைக்கு ஏன் இது முக்கியம்?

ஹக்கின் அலமாரி ஒரு அறைக்குள் இருந்தது. திறக்கணும்னா ஆள் நேரில் வரணும். யார் வந்தார் என்பது கண்ணுக்குத் தெரியும். இன்றைய அலமாரியை எந்த ஊரில் இருந்தும் லாகின் செய்து திறக்கலாம்.

2018 ஜனவரியில், 500 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு யூசர் ஐடி, பாஸ்வேர்டு மூலம் ஆதார் வைத்திருப்பவர்களின் பெயர், முகவரி, போன் நம்பரைப் பார்க்க முடிந்ததாக தி ட்ரிப்யூன் நாளிதழ் செய்தி வெளியிட்டது. கைரேகைத் தகவல்கள் பாதுகாப்பாக இருக்கின்றன, புகார் தீர்க்கும் வசதி தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஆதார் ஆணையம் விளக்கம் கொடுத்தது. பிறகு சுமார் 5,000 அதிகாரிகளின் லாகின் உரிமை நிறுத்தப்பட்டதாகவும் செய்திகள் வந்தன.

யோசித்துப் பாருங்கள். 10 கிலோ அரிசி வாங்குபவர் விரல் வைக்கணும். ஆனால் எல்லோர் விவரத்தையும் பார்க்கும் அட்மினுக்கு ஒரு பாஸ்வேர்டு மட்டும் போதும் என்றால், பூட்டு தப்பான கதவில் தொங்குகிறது என்று அர்த்தம்.

அதனால்தான் அட்மின் லாகினுக்குச் சில விதிகள் இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு ஐடி, அதைப் பகிரக் கூடாது. பாஸ்வேர்டோடு ஓடிபி அல்லது பாதுகாப்புச் சாவி கட்டாயம். அனுமதித்த நெட்வொர்க்கில் இருந்து மட்டுமே நுழைய முடியணும். யார், எப்போது, எதைப் பார்த்தார் என்ற பதிவு இருக்கணும். வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றே மூடணும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. ஹக்கின் முறைக்கு அடிப்படையே ரேகை கடைசி வரை மாறாது என்பதுதான். அந்த ரேகை இருக்கும் டேட்டாபேஸின் சாவியை அலட்சியமாக விட முடியாததற்குக் காரணமும் அதுவேதான்.