ஆல்டோ லியோபோல்டும் காட்டுத்தீயும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிஸிஸிப்பி நதிக்கரையில் பர்லிங்டன் என்னும் ஊரொன்றுண்டு. ஐயோவா மாகாணத்தைச் சேர்ந்த அவ்வூரில் 1887-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி ஆல்டோ லியோபோல்டு பிறந்தார். அவருடைய தந்தையார் எழுதுமேசைகள் செய்து விற்கும் தொழிலினர், வேட்டையில் பெருவிருப்பமுடையவர். ஆயினும் சட்டம் தடுக்குமுன்னரே, பறவைகள் கூடு கட்டும் இளவேனிற் காலத்தில் அவற்றைச் சுடலாகாதெனத் தமக்குத்தாமே வரையறை செய்துகொண்டவர். இத்தகைய தந்தையாரோடு சதுப்பு நிலங்களிலும் சோலைகளிலும் திரிந்த சிறுவன் வனவியல் கற்க விரும்பியது வியப்பன்று.

யேல் சர்வகலாசாலையில் வனவியற் பட்டம் பெற்று, 1909-ஆம் ஆண்டில் வன இலாகாவில் அமர்ந்து, அரிஸோனாவிலுள்ள அப்பாச்சே வனத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். மறு ஆண்டிலேயே ஐடஹோ, மான்டானா முதலிய வடமேற்குப் பகுதிகளில் பெருந்தீ மூண்டு, ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் காட்டைச் சுட்டெரித்தது; தீயணைக்கச் சென்றோர் பலர் மாண்டனர். அதுமுதல் காட்டில் எழும் தீ சிறிதாயினும் பெரிதாயினும் பகையே என்னும் கொள்கை அவ்விலாகாவில் வேரூன்றியது. லியோபோல்டும் அதனை முழுமனத்துடன் ஏற்றவரே. ஆதிக்குடிகள் செய்தவாறு அவ்வப்போது சிறுதீயிட்டுக் காட்டின் அடிச்செடிகளைக் குறைக்கலாமென்று சிலர் கூறியபோது, 1920-இல் அவர்களை வன்மையாகக் கண்டித்து எழுதினார்.

நான்கே ஆண்டுகளில் அவர் கருத்து மாறியது. அம்மாற்றத்தின் காரணத்தை நாம் சற்று விரிவாகக் காண்போம். என்னை, அவருடைய வாழ்க்கையின் திருப்பம் அதுவே.

தெற்கு அரிஸோனாவின் மலையடிவாரங்களில் முட்புதர்கள் நெருங்கி வளர்ந்திருந்தன. புதர்களுக்கிடையே மண் அரிக்கப்பட்டு ஆழ்ந்த பள்ளங்கள் தோன்றியிருந்தன. அப்புதர்களினூடே முதிய ஜூனிப்பர் மரங்களில் பழைய தீவடுக்கள் இருப்பதை லியோபோல்டு கண்டார். ஆனால் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகப் புதிய வடு எதுவுமில்லை. அந்நாற்பது ஆண்டுகளில் அந்நாட்டில் நிகழ்ந்தது யாது? குடியேறியோரின் கால்நடைகள் பெருந்திரளாக அங்கே புகுந்தன. முன்னாளில் அந்நிலம் புல்லால் மூடப்பட்டிருந்தது. இடியினாலும் ஆதிக்குடிகளாலும் மூண்ட தீ உலர்ந்த புல்லைப் பற்றிக்கொண்டு விரைந்தோடும். இளம் ஜூனிப்பர்க் கன்றுகளும் புதர்ச் செடிகளும் அதில் மடியும். புல்லோ, வேர் நிலத்தினுள் இருத்தலால், மழை கண்டதும் மீண்டும் தழைக்கும். கால்நடைகள் அப்புல்லை அடியோடு மேய்ந்துவிடவே, தீ பரவுவதற்குரிய பொருளே இல்லாமற்போயிற்று. தீ ஒழியவே, புதர் தடையின்றிப் பெருகியது. புல்லின் வேர்ப்பின்னல் பிடித்துவைத்திருந்த மண்ணை மழைநீர் வாரிச் சென்றது.

தீயைத் தடுக்கும் பொருட்டுப் புல்லைக் கடுமையாக மேயவிடுவது தக்கதென்றே அவ்விலாகா அதுகாறும் எண்ணியிருந்தது. அதாவது, பகையெனக் கருதிய தீயினும் கொடிய பகையைத் தானே வரவேற்றிருந்தது. 1924-இல் வனவியலார் சஞ்சிகையில் லியோபோல்டு இதனை ஒளிவுமறைவின்றி எழுதினார். தாம் ஊழியம் செய்யும் இலாகாவின் கொள்கையையும், தாம் முன்னர் எழுதியவற்றின் சாரத்தையும் ஒருங்கே மறுத்து எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டுமென்பது நம் கருத்து. ஓநாய்கள் குறைந்தால் மான்கள் பெருகும் என்றெண்ணி ஓநாய்களைச் சுட்டவரும் அவரே. மான்கள் மிகப் பெருகி மலைச்சரிவின் இளந்தளிர்களையெல்லாம் கறித்தொழிப்பதைக் கண்டு, பிற்காலத்தில் அச்செயலுக்கு இரங்கியவரும் அவரே.

அவ்வாண்டிலேயே அவர் விஸ்கான்ஸின் மாகாணத் தலைநகராகிய மாடிஸனுக்கு மாறினார். 1933-இல் வேட்டை விலங்குகளைப் பேணுவது குறித்து ஒரு பெருநூல் வெளியிட்டார். கோடரி, கலப்பை, பசு, தீ, துப்பாக்கி ஆகியவை விலங்குகளை அழித்த கருவிகள். ஆயினும் அறிந்து பயன்படுத்தினால் அவற்றாலேயே அவ்விலங்குகளை மீட்கலாமென்பது அந்நூலின் கருத்து. அவ்வாண்டிலேயே விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் ஆசிரியராகவும் நியமனம் பெற்றார்.

அச்சர்வகலாசாலையின் சோலையில், உழுது கைவிடப்பட்ட வயலொன்றைப் பழைய புல்வெளியாக மாற்றும் முயற்சி 1930-களில் தொடங்கியது. நாட்டுப் புற்களை வேற்றுநாட்டுப் புல் நெருக்கி வந்தது. 1940-களில் அங்கே தீயிட்டுச் சோதித்தபோது, வந்தேறிப் புல் தளர்ந்தது. நாட்டுச் செடிகள் முன்னினும் மிகுதியாகப் பூத்தன. அவ்வெளியின் ஓரங்களில் நின்ற தடித்த பட்டையுடைய பர் ஓக் மரமும் லியோபோல்டின் மனத்தைக் கவர்ந்தது. தீயைத் தாங்கவல்ல மரம் அது. புல்லுக்கும் ஓக்குக்கும் நெடுங்காலம் நடந்த போரில் முயலும் அணிலும் வண்டும் ஒருகால் இப்பக்கமும் ஒருகால் அப்பக்கமும் நின்று உதவின என்று அவர் எழுதியுள்ளார்.

1935-இல் விஸ்கான்ஸின் நதிக்கரையில் பாழடைந்த பண்ணையொன்றை வாங்கினார். அங்கே எஞ்சி நின்ற கோழிக்கொட்டிலே அவருக்கும் மனைவியார் எஸ்டெல்லாவுக்கும் மக்கள் ஐவருக்கும் குடிலாயிற்று. மறு ஆண்டின் கொடிய வறட்சியில் நட்ட பைன் கன்றுகளிற் பெரும்பாலானவை பட்டுப்போயின. குடும்பத்தார் சலியாது மீண்டும் மீண்டும் நட்டனர்.

1948-ஆம் ஆண்டு ஏப்ரலில், அவருடைய கட்டுரைத் தொகுதியைப் பதிப்பிக்க ஆக்ஸ்போர்டு அச்சகத்தார் இசைந்தனர். ஒரு வாரம் கழித்து, 21-ஆம் தேதி, அண்டையாரின் நிலத்தில் குப்பைக்கிட்ட தீ பரவி, அவருடைய பைன் கன்றுகளை நோக்கி வந்தது. லியோபோல்டு நீர்த்தெளிகருவியைச் சுமந்து விரைந்தார். புல்வெளியில் தனித்து நின்று தீயைத் தடுக்கையில் மார்படைப்பு நேர்ந்து வீழ்ந்தார். தீ அவர் உடல்மீது இலேசாகப் படர்ந்து சென்றது. வயது 61.

நூல் மறு ஆண்டு வெளிவந்தது. மூத்த மகன் ஸ்டார்க்கர் உயிரியல் பேராசிரியரானார். 1963-இல் தேசீயப் பூங்காக்களின் விலங்குகளைக் குறித்து ஆராய அமைத்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். அக்குழுவின் அறிக்கை, தீயைப் பூங்காக்களுக்கு மீட்டுத் தரவேண்டுமென்பதையும் வற்புறுத்தியது. 1968-இல் பூங்கா இலாகா தன் விதிகளை மாற்றி, இயற்கையாக மூளும் தீ தக்க இடங்களில் எரிய இடமளித்தது.