தலையில் தையல், காலில் பந்து... ஜர்னைல் சிங்கைத் தெரியுமா உங்களுக்கு?

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பெரிய காஞ்சிபுரம் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு பக்கம் தறிச் சத்தம். இன்னொரு பக்கம், கொஞ்சம் காலி இடம் கிடைத்தால் போதும், ரெண்டு ஜோடி செருப்பைக் கோல் போஸ்ட்டாக வைத்துப் பசங்க பந்து உதைத்துக்கொண்டிருப்பாங்க. எல்லாருக்கும் முன்னால் நின்று கோல் அடிக்கத்தான் ஆசை. கடைசியில் ஒருத்தன் சிக்குவான். அவனைப் பின்னாடி நிற்கச் சொல்லி அனுப்பிவிடுவாங்க. அவன் முகத்தைப் பார்க்கணுமே!

அந்தப் பையன் நீங்களாகவே இருக்கலாம். நானும் அப்படி நின்றவன்தான். நம்ம ரெண்டு பேருக்கும் ரொம்பத் தேவையான ஒரு மனுஷனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். ஆள் நம்ம ஊர் இல்லை, பஞ்சாப். பெயர் ஜர்னைல் சிங்.

‘மைதான்’ படம் பார்த்திருப்பீங்க. அஜய் தேவ்கன் நடித்தது, ஏ.ஆர்.ரஹ்மான் இசை, 2024-ல் வந்தது. அது கோச் சையத் அப்துல் ரஹீமின் கதை. அதில் தலையில் கட்டோடு ஒரு சர்தார் ஓடுவாரே, அவர்தான் நம்ம ஆள். சினிமாவுக்காகச் சேர்த்த மசாலா என்று நினைத்திருந்தால், இல்லைங்க, நிஜமாகவே நடந்தது.

ஜர்னைல் 1936-ல் லயால்பூரில் பிறந்தவர். இன்றைக்கு அந்த ஊருக்குப் பெயர் ஃபைசலாபாத், பாகிஸ்தானில் இருக்கிறது. நாடு பிரிந்தபோது அவருக்கு வயசு பதினொண்ணு. வீடு, நிலம், கூட விளையாடின பசங்க எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஹோஷியார்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வந்து குடியேறினார்கள். அந்த மாவட்டத்தில்தான் மாஹில்பூர் என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்கிருந்த கால்சா கல்லூரியில் முதல்வராக இருந்த ஹர்பஜன் சிங்குக்குக் கால்பந்துப் பைத்தியம். அவர் போட்ட விதையில் அந்த ஊரே பஞ்சாப் கால்பந்தின் நாற்றங்காலாக மாறிவிட்டது. இன்றைக்கும் அவர் பெயரில் அங்கே போட்டி நடக்கிறது. ஒரு சின்ன ஊரில் விளையாட்டு வளர என்ன வேணும் என்று யாராவது உங்களிடம் கேட்டால், ஸ்டேடியம் என்று சொல்வதற்கு முன்னால் இந்த மாஹில்பூரைச் சொல்லுங்கள்.

அந்தக் கல்லூரியில் ஜர்னைல் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர். ஆமாம், கோல் அடிக்கிற ஆள்! பிறகுதான் பின்வரிசைக்குப் போனார். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் இந்தியக் கால்பந்துக்குத் தலைநகரம் கல்கத்தா. பெரிய ஆளாகணும் என்றால் அங்கேதான் போகணும். ஜர்னைலும் போனார். முதலில் ராஜஸ்தான் கிளப், அடுத்து 1959-ல் மோகன் பகான். ஏறக்குறைய பத்து வருஷம் அங்கேதான். 1962-லிருந்து 65 வரை தொடர்ந்து நான்கு வருஷம் கல்கத்தா லீக், 1963-லிருந்து 65 வரை வரிசையாக மூன்று டியூரண்ட் கோப்பை என்று அந்த கிளப் வாரிக் குவித்த காலம் அது. கோல் அடித்த சுனி கோஸ்வாமியைத்தான் கல்கத்தா தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஆனால், அந்தப் பக்கம் பந்தோடு வருகிறவர்களுக்கு ஜர்னைல் என்றால் பயம். தரையோடு சறுக்கி வந்து பந்தை எடுப்பார், எழுந்து மறுபடி ஓடுவார்.

பட்டுப்புடவையை விரித்ததும் எல்லாரும் முந்தானையைத்தான் பார்ப்பாங்க. நெசவு தெரிந்தவர் மட்டும் கரையும் உடலும் சேருகிற கோர்வையைத் தடவிப் பார்ப்பார். டிஃபெண்டர் விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா ஃபிரான்ஸோடு 1-1 என்று டிரா செய்தது. ஹங்கேரியிடம் 1-2 என்றுதான் தோற்றது. பெருவோடு நடந்த ஆட்டத்தில் அடித்ததுதான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல். அந்த அணியின் பின்வரிசையில் ஜர்னைல் இருந்தார்.

இப்போது 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு வருவோம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தோம். ஆனால், அதில் ஜர்னைலின் தலை உடைந்து தையல் போடவேண்டியதாகிவிட்டது. ஜப்பானோடு நடந்த அடுத்த ஆட்டத்தில் அவரால் இறங்க முடியவில்லை. இந்தியா 2-0 என்று ஜெயித்து அரையிறுதிக்குப் போனது.

இங்கேதான் கோச் ரஹீமின் மூளை வேலை செய்தது. தையல் போட்ட தலையோடு டிஃபென்ஸில் நிறுத்தினால், உயரமாக வருகிற ஒவ்வொரு பந்தையும் தலையால் முட்டியாகணும். சரி, உட்கார வைத்துவிடலாமா? அவ்வளவு பலமான ஆளை விடவும் மனசில்லை. கல்லூரியில் இவர் ஃபார்வர்டாக ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். அருண் கோஷைப் பின்னால் நடுவில் நிறுத்திவிட்டு, ஜர்னைலைத் தலையில் கட்டோடு முன்னால் அனுப்பினார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றோம். சுனி கோஸ்வாமி ரெண்டு, ஜர்னைல் ஒண்ணு!

செப்டம்பர் 4, ஃபைனல். எதிரில் மறுபடியும் அதே தென்கொரியா. மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூட்டம். இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததை இந்தியாவைச் சேர்ந்த ஆசிய விளையாட்டு நிர்வாகி சோந்தி கண்டித்ததால் இந்தோனேசியர்களுக்குக் கோபம். இந்தியத் தூதரகத்தையே தாக்கிவிட்டார்கள். தேசிய கீதம் ஒலித்தபோதும் கூச்சல். அந்தக் கூட்டத்துக்கு நடுவே இந்தியாவுக்காகக் கை தட்டியது யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணி. அந்தப் பக்கத்து மண்ணிலிருந்து பதினொரு வயசில் துரத்தப்பட்ட பையன்தான், வளர்ந்து ஆளாகி அன்றைக்குக் களத்தில் நின்றிருந்தார்.

17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி கோல் அடித்தார். மூணு நிமிஷத்தில் அடுத்த கோல். அடித்தது ஜர்னைல்! கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. காய்ச்சலிலிருந்து திரும்பி வந்திருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் அதற்கு மேல் விடவில்லை. 2-1. ஆசிய விளையாட்டுப் போட்டியில் கால்பந்துக்காக இந்தியா தங்கம் வாங்கியது அதுதான் கடைசி. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ரஹீம் 1963 ஜூன் மாதம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஜர்னைலுக்குப் பட்டங்கள் வந்தன. 1964-ல் அர்ஜுனா விருது. 1965-லிருந்து 67 வரை இந்திய அணிக்கு கேப்டன். ஆசிய ஆல்-ஸ்டார் அணிக்கே கேப்டனாகவும் இருந்தார். அதையெல்லாம் இணையத்தில் தேடினால் கிடைக்கும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அடுத்து அவர் செய்த காரியத்தால்தான்.

பஞ்சாபுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

சந்தோஷ் டிராஃபி என்பது மாநிலங்களுக்கு இடையிலான பெரிய போட்டி. அதில் வங்காளம் வைத்ததுதான் சட்டம். பஞ்சாப் அதுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. 1970-ல், சொந்த மண்ணான ஜலந்தரில் நடந்த போட்டியில், கோச்சாகவும் ஆட்டக்காரராகவும் ஒரே நேரத்தில் இருந்து அந்த முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். வயசு முப்பத்து நாலு. தன் கூட ஓடுகிறவனைத் திட்டவும் வேணும், அவன் விட்ட பந்தைத் தானே ஓடிப்போய் எடுக்கவும் வேணும். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சிக்கலான வேலை!

நான்கு வருஷம் கழித்து, அதே ஜலந்தர். இந்தத் தடவை அவர் கோச் மட்டும்தான். ஒரு டிஃபெண்டர் கோச்சானால் எப்படி ஆட வைப்பார்? கதவைச் சாத்திக்கொண்டு, கோல் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பார் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. அந்த ஒரே தொடரில் இந்தர் சிங் 23 கோல் அடித்தார். ஃபைனலில் பஞ்சாப் 6, எதிரணி 0. அந்த எதிரணி எது என்கிறீர்கள்? வங்காளம். பத்து வருஷம் எந்த ஊர் மைதானங்களில் ஓடி ஓடி ஆட்டத்தைப் படித்தாரோ, அந்த ஊர்க்காரர்களையே ஆறு கோலில் அனுப்பிவைத்தார்.

என் கணக்கு இதுதான். பின்னால் நிற்கிறவன் முழு மைதானத்தையும் பார்க்கிறான். எந்த ஃபார்வர்ட் தன்னைத் திணறடித்தான், எப்படித் திணறடித்தான் என்பது அவனுக்கு மறக்காது. அதை அப்படியே தன் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க முடியும். ஜர்னைலுக்கு ஒரு படி மேலே. ரெண்டு பக்கமும் நின்று பார்த்தவர், அதுவும் தலையில் தையலோடு.

பிறகு பஞ்சாப் அரசின் விளையாட்டுத் துறையில் அதிகாரியாகி, இயக்குநர் வரை உயர்ந்தார். கடைசிக் காலத்தில் கனடா. 2000 அக்டோபரில் வான்கூவரில் இறந்தபோது வயசு அறுபத்து நாலு.

வீட்டில் ‘மைதான்’ போட்டால் இந்த முறை கடைசி அரை மணி நேரத்தை மட்டுமாவது திரும்பப் பாருங்கள். பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல், அந்தக் கட்டுப்போட்ட தலை எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பிள்ளையார்பாளையத்தில் பின்னாடி நிற்கிற அந்தப் பையனுக்கும் லிங்க் அனுப்பிவிடுங்கள்.