பட்டாளத்தைக் கலைத்த தளபதி

ஏடும் எழுத்தாணியுமாக இருந்தவர் படை திரட்டினார். சாய இருந்த சிம்மாசனத்தைத் தாங்கி நிறுத்தினார். வென்ற பிறகு அந்தப் படையைத் தாமே வீட்டுக்கு அனுப்பினார்! அவர்தான் சீன நாட்டின் செங் குவோபான்.

1811-ம் ஆண்டு ஹூனான் மாகாணத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1838-ல் அரசாங்கத்தின் மிக உயர்ந்த பரீட்சையில் தேறித் தலைநகரில் பெரிய பதவிகள் வகித்தார்.

1852-ல் தாயார் இறந்தார். துக்கம் காக்க ஊர் திரும்பினார்.

அப்போது நாடெங்கும் கலவரம். ஹங் சியூசுவான் என்பவர், தாம் ஏசுநாதரின் தம்பி என்று சொல்லிக்கொண்டு சக்கரவர்த்தியை எதிர்த்துக் கிளம்பியிருந்தார். இதுவே தைப்பிங் கலகம். 1853-ல் நான்கிங் நகரம் கலகக்காரர் வசமாயிற்று. அரசாங்கப் பட்டாளம் தோற்று ஓடியது.

உள்ளூரில் படை திரட்டும்படி செங்குக்கு ஆணை வந்தது. துக்க காலத்தில் போருக்குப் போவதா? தயங்கினார், நண்பர்கள் வற்புறுத்தவே இணங்கினார்.

ஊருக்கு ஊர் ஆள்

அதிகாரிகளை அவர் தேர்ந்தெடுத்தார். அவர்கள் தங்கள் ஊர் உழவர்களையே சிப்பாய்களாகச் சேர்த்தார்கள். சம்பளம் அரசாங்கச் சிப்பாயைவிட அதிகம். பக்கத்து வயல்காரன் பக்கத்தில் நிற்கும்போது எவன் புறமுதுகு காட்டுவான்?

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. சிப்பாய்க்குத் தன் தலைவனைத் தெரியும், சக்கரவர்த்தியைத் தெரியாது!

ஆற்றில் குதித்தார்

1854-ல் ஒரு சண்டையில் தோற்றார். அவமானம் தாங்காமல் ஆற்றில் குதித்தார். உடனிருந்தவர்கள் காப்பாற்றினார்கள். அதே சமயம் சியாங்டான் நகரில் அவருடைய மற்றொரு படை வென்ற செய்தி வந்தது. மீண்டும் எழுந்தார்.

வெற்றியும் கறையும்

1864 ஜூலையில் அவருடைய தம்பியின் படை நான்கிங்கைப் பிடித்தது. கலகம் ஒடுங்கியது. ஆனால் வென்ற சிப்பாய்கள் நகரைக் கொள்ளையடித்தார்கள். மக்களை வெட்டிக் குவித்தார்கள். அந்தப் பழி செங்கின் பெயரை விட்டு அகலவில்லை. அந்தப் போரில் மாண்டவர்கள் இரண்டு கோடிக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள்.

இப்போது அவரிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படை! அரசவை அஞ்சியது. அவரோ சிம்மாசனத்துக்கு ஆசைப்படவில்லை. பெரும்பகுதிப் படையைக் கலைத்துவிட்டார். 1872-ல் நான்கிங்கில் காலமானார்.

ஆனால் அவர் காட்டிய வழி மறையவில்லை. அவரைப் பின்பற்றி லீ ஹுங்சாங் 1862-ல் திரட்டிய படை நிலைத்து நின்றது. படைபலம் மாகாணத் தலைவர்களின் கைக்குப் போயிற்று. 1912-ல் முடியாட்சி மறைந்தது. சில ஆண்டுகளில் படைத்தலைவர்கள் நாட்டைப் பங்கு போட்டுச் சண்டையிட்டார்கள்.

படை திரட்டும் வித்தையைப் பலர் கற்றார்கள். அதைக் கலைக்கும் மனம் செங்குக்கு இருந்தது; பின்னால் வந்தவர்களுக்கு இல்லை!