சக்கையிலும் சத்து கண்ட பட்நாகர்

சாந்தி ஸ்வரூப் பட்நாகர் என்ற பெயரை நாம் பொது அறிவுப் புத்தகத்தில் ஒற்றை வரியாகப் படித்திருப்போம். அவர் பேரில் அறிவியலுக்கு விருது உண்டு, அவ்வளவுதான், ஒரு மார்க். ஆனால் அந்த மனிதர் கரும்புச் சக்கையோடும் கழிவுப்பாகோடும் மல்லுக்கட்டியவர் என்று தெரிந்தால், கரும்பு லாரிக்குப் பின்னாலேயே பஸ்ஸில் வருகிற நமக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுவார்.

1894 பிப்ரவரி 21-ல், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்ற ஊரில் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே அப்பா காலமானார். உத்தரப் பிரதேசத்தில் சிக்கந்தராபாத் என்ற ஊரில் அம்மாவைப் பெற்ற தாத்தா வீட்டில் வளர்ந்தார். தாத்தா ஒரு இன்ஜினியர். பையன் பேட்டரியும் நூல் டெலிபோனும் செய்து விளையாடினான். (எங்க வீட்டில் முதல் ஸ்க்ரூ டிரைவரே நான் டிப்ளமோ சேர்ந்த பிறகு வாங்கினதுதான்!)

1911-ல், பதினேழு வயதில், அலகாபாத்தின் லீடர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பேட்டரிக்குள் இருக்கும் கார்பன் தண்டுக்குப் பதிலாக, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகையும் கரிப்பொருளையும் கலந்து, அழுத்திச் சூடாக்கிச் செய்யலாம் என்பது விஷயம். ஒன்று ஒட்டும் பொருள், இன்னொன்று நிரப்பும் பொருள். இன்றைக்கு நாம் காம்போசிட் என்று படிக்கிறோமே, அதன் அடிப்படை யோசனை இதுதான்.

லாகூரில் எம்.எஸ்சி., லண்டனில் 1921-ல் டி.எஸ்சி., பிறகு காசியில் மூன்று வருடம் பேராசிரியர், 1924 முதல் மறுபடி லாகூர். அங்கே கங்காராம் என்ற பெரிய பொறியாளர், கரும்புச் சக்கையை என்ன செய்யலாம் என்று அவரிடம் வந்தார். பட்நாகர் அதை மாட்டுத் தீவனக் கட்டியாக மாற்றிக் கொடுத்தார். நூறு டன் கரும்பு ஆட்டினால் சுமார் முப்பது டன் ஈரச் சக்கை மிஞ்சும். திருவாலங்காட்டு ஆலைக்குப் போகிற கரும்பை எங்க அப்பா சீசனில் லாரியில் ஏற்றுவார். ஜூஸ் போன பிறகு அதில் என்னடா இருக்கு என்று கேட்பார். நிறைய இருக்கு.

அடுத்தது ராவல்பிண்டி எண்ணெய்க் கம்பெனியின் பிரச்சினை. கிணறு துளைக்க விடும் சேற்றுக் குழம்பு, உப்புப் படிவம் பட்டதும் இறுகிப்போனது. பட்நாகர் அதில் ஒரு பிசினைக் கலந்தார், சேறு இளகியது. கம்பெனி மகிழ்ந்து ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. அவரோ தனக்கென்று வாங்காமல் பல்கலைக்கழகத்தில் பெட்ரோலிய ஆராய்ச்சிப் பிரிவுக்கே கொடுக்கச் செய்தார். பிறகு அது இரண்டரை லட்சமாக உயர்ந்தது. நானாக இருந்தால் பாதியையாவது வீட்டுக்கு மணியார்டர் பண்ணியிருப்பேன், சத்தியமாக.

1940-ல் யுத்தம் அவரைக் கல்கத்தா அலிப்பூருக்கு இழுத்தது. வெளிநாட்டுச் சரக்கு வராத நேரம். எளிதில் வெடிக்காத கலன்கள், தாவர எண்ணெய் எரிபொருள், கழிவுப் பொருளிலிருந்து பிளாஸ்டிக் என்று அவர் தலைமையில் வேலை நடந்தது. 1942-ல் சி.எஸ்.ஐ.ஆர். பிறந்தது. அதன் திருவனந்தபுரம் ஆய்வகம் நம் காலத்தில் தவிடு போன்ற விவசாயக் கழிவில் மக்கும் தட்டுகள் செய்யும் முறையைக் கண்டிருக்கிறது.

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல் பேசியே ஆகணும். பி.எல்.ஏ. போன்ற மக்கும் பிளாஸ்டிக் விலை அதிகம், சுலபத்தில் முறியும். சக்கை நாரை அரைத்து, உலர்த்திக் கலந்தால் விறைப்பு கூடும், விலை குறையும். ஆனால் நார் தண்ணீரை உறிஞ்சும், பிளாஸ்டிக் தண்ணீரோடு ஒட்டாது. இரண்டும் சண்டைக்கார சம்பந்திகள்! அதனால் நாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவி, பிறகு சேர்ப்பார்கள். நாரை அளவுக்கு மீறிப் போட்டால் உடைந்துவிடும். உமியில் வேறு தொல்லை. எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அது மெஷின் ஸ்க்ரூவையே தேய்க்கும்.

இன்னொன்று. பி.எல்.ஏ. சீக்கிரம் மக்க, உரக்கூடத்தில் 60 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு நம் மலைப் படியில் வீசிவிட்டுப் போனால் அடுத்த கிருத்திகைக்கும் அங்கேயேதான் கிடக்கும். சக்கையும் சும்மா கிடைக்காது. ஆலை பாய்லரில் எரிகிறது, புகளூர் காகித ஆலையில் காகிதமாகிறது. எரிப்பதைவிட அதிக விலை கொடுத்தால்தான் பிளாஸ்டிக் பக்கம் திரும்பும்.

பட்நாகர் இருந்தபோதே நாடெங்கும் பன்னிரண்டு ஆய்வகங்கள் எழுந்தன. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரி 14-ல் அந்த மின்வேதியியல் ஆய்வகத்தைத் திறந்துவைத்தவர் நம்ம ஊரில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், அப்போது துணை ஜனாதிபதி. பேட்டரித் தண்டுக்காகக் கழிவுப்பாகைக் காய்ச்சச் சொன்ன பையனுக்குப் பேட்டரி ஆராயவே ஒரு கூடம் கிடைத்துவிட்டது. இரண்டே வருடம். 1955 ஜனவரி 1-ல் மாரடைப்பில் காலமானார். வயது அறுபது.