பெயரில்லா முகங்கள்

மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் பல்லவ மன்னர் உருவங்களுக்கு மேல் அவர்தம் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கரையையொட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் சென்னைப் பகுதியைக் கூலிக்கு வெட்டியவர்களோ 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின் ஏழைகள். அப்பஞ்சத்தின் முகங்களை நிழற்படமாக்கியவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர். 1837இல் இங்கிலாந்தில் பிறந்து, சென்னைக் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர். ‘இந்திய மக்கள்’ என்னும் நிழற்படத் தொகுதிகளுக்குப் படங்கள் அளித்தவர். சந்தையில் தலையிடலாகாது என்று அரசு இருக்க, தானியம் கப்பலேறியது. எலும்பும் தோலுமானோரைக் குடும்பப் படத்துக்குப்போல் வரிசையாக அமர்த்தி ஹூப்பர் படமெடுத்தார். பசியும் ஆல்பத்தில் ஒட்டும் பொருளாயிற்று. 1886இல் பர்மாவில், சுடப்படுவோரின் இறுதிக் கணத்தைப் படமாக்க முயன்று கண்டனத்துக்கு உள்ளானார். 1912இல் மறைந்தார். நிழற்பட வரலாற்றில் அவர் பெயர் உண்டு. அவர்முன் அமர்ந்த பசித்தவர்களை இன்று பெயர் சொல்லி அழைக்க வழியில்லை.